பச்சைத்தண்ணீர்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. மீன் வரத்து பற்றி ஒரு கட்டுரை எழுதப் போன இடத்தில் கிடைத்தது. நவம்பர், காலை பத்து மணி. காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனி. ஐஸ் கட்டி உறைய வைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியருகே இரண்டு பேர் குந்தியிருந்தார்கள். கயிற்றில் கட்டிய இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களைத் தொட்டிக்குள் இறக்கியிருந்தார்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் பச்சையாக ஏதோ.

"இன்னா சார் பாக்கற? சர்பத்து இல்ல" என்றார் இளையவர். மூத்தவர் நிமிரவே இல்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வெண்பனி போர்த்திய சிகரங்களுக்கு நடுவே அந்த லோடர் வண்டி—'

நிறுத்திவிட்டேன். காலடிப்பேட்டைக்காரன் நான். எனக்குத் தெரிந்த பனி, ஃபிரிட்ஜில் மீன் பொட்டலத்தின் மேல் படிவது மட்டும்தான்.

அடுத்த தொடக்கம்: 'தப்ரேஸின் இடது காலில் மூன்று விரல்களே இருந்தன.' உண்மைதான். ஆனால் கதை தொடங்கும் முன்பே உங்களிடம் இரக்கம் கேட்பது போல இருந்தது. அதையும் அடித்தேன். நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

3

எண்ணூரில் வருடம் முழுக்க நிலக்கரி அள்ளும் லோடர் ஒன்று, குளிர்காலத்துக்கு மட்டும் டிரெய்லரில் ஏறிக் காஷ்மீர்ப் பக்கம் போகிறது. அங்கே மலைச்சாலையில் விழும் பனியைத் தள்ளும் வேலை. முதலாளிக்கு இரண்டு இடத்திலும் காண்ட்ராக்ட். ஓட்டுவது கல்மண்டபம் தப்ரேஸ். தயார் செய்வது திருவொற்றியூர்ப் பட்டறையில் மெக்கானிக் சின்னப்பையன்.

(பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், வயது ஐம்பத்திரண்டு. கதையில் வேறு பெயர் வைக்கட்டுமா என்று கேட்டேன். "ரேஷன் கார்டுலயும் மாத்திக் குடுப்பியா?" என்றார்.)

டயருக்குச் சங்கிலி வேண்டும். ஆயிலை மெல்லியதாக மாற்ற வேண்டும். பேட்டரி புதிது, கேபினுக்குள் ஹீட்டர், முன்னால் பனி தள்ளும் தகடு. எல்லாவற்றையும் விட முக்கியம், ரேடியேட்டரில் தண்ணீரை இறக்கிவிட்டு, குளிரில் உறையாத பச்சை நிறக் கூலன்ட் ஊற்றுவது. தண்ணீர் உறைந்தால் விரியும். விரிந்தால் இரும்பு இன்ஜினே பிளந்துவிடும்.

போன ஜனவரியில் பிளந்தது. முன்னும் பின்னும் பனி சரிந்து சாலை அடைபட, டீசலை மிச்சம் பிடிக்கத் தப்ரேஸ் இன்ஜினை நிறுத்தினார். அது திரும்பக் கிளம்பவில்லை. ஹீட்டர் ஓடாத கேபினில் பதினான்கு மணி நேரம். மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

வண்டிக்குப் புது இன்ஜின் வந்தது. தப்ரேஸும் நடக்கத் தொடங்கினார். போன வருடம் ஒழுங்காகச் செய்தாயா என்று அவர் கேட்கவில்லை. செய்தேன் என்று சின்னப்பையனும் சொல்லவில்லை. பத்து மாதம் ஒரே கடையில் டீ குடித்தார்கள், அவ்வளவுதான்.

இந்த நவம்பரில் வண்டி தயாரானதும் தப்ரேஸ் ஒரு பாட்டிலோடு பட்டறைக்கு வந்தார். ரேடியேட்டரிலிருந்து கூலன்ட்டை அதில் பிடித்துக்கொண்டார். எதற்கு என்று சின்னப்பையன் கேட்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நானும் வர்றேன்" என்று, ஐஸ் கம்பெனிக்குக் கிளம்பிய பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார்.

4

இனி நான் பார்த்தது. தப்ரேஸ் கயிற்றை இழுத்தார். வெறும் தண்ணீர் பாட்டில் கல்லாகியிருந்தது. பச்சைப் பாட்டிலைச் சாய்த்தார். உள்ளே கூழாக, மெதுவாகச் சரிந்தது.

"மாமு, இது இங்கியே இப்டி கீது. அங்க இன்னா ஆவும்?"

சின்னப்பையன் பாட்டிலை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கூலன்ட் டப்பா டூப்ளிகேட்டா இருக்கும். கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் தப்ரேஸ். பத்து மாதம் கேட்காத மனிதர் ஒரு வழியைத் திறந்துவிட்டார்.

[எழுதுகிறவனுக்கு இந்த இடம் பிடித்திருந்தது. வில்லன் கிடைத்துவிட்டான். கடைக்காரனுக்குப் பெயர் கூட யோசித்துவிட்டேன்.]

சின்னப்பையன் இல்லை என்று தலையை ஆட்டினார். "டப்பா நல்ல டப்பா. நான் ரேடியேட்டர் தண்ணிய மட்டும் எறக்கினேன். இன்ஜின் பிளாக்குக்குள்ள பழைய தண்ணி அப்டியே நின்னுகினு கீது. அதுல கலந்துட்ச்சு. அத்த வெளிய உட அடியில ஒரு டிரெயின் பிளக் கீது. நம்ம ஊர் வெயிலுக்கு அத்த எவன் தொறக்கறான்?" பிறகு, குரலைத் தாழ்த்தாமல்: "போன வருசமும் நான் தொறக்கல."

தப்ரேஸ் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அந்த நேரம் அவர் மனதில்— தெரியாது. எனக்குத் தெரிந்தது அவர் கேட்டது மட்டும்.

"தெரிஞ்சிகினே சொல்லாம இருந்தியா?"

"இப்பத்தான் தெரியுது தப்ரேசு. ஆனா நம்ம மேலதான் தப்போன்னு பயந்துகினே கெடந்தேன். அதான் தோண்டிப் பாக்கல."

"வா. தொறக்கலாம்" என்றார் தப்ரேஸ்.

5

பட்டறையில் டிரெயின் பிளக் எளிதில் அசையவில்லை. சூடு காட்டி, தட்டி, இரண்டு பேரும் சேர்ந்து நெம்பிய பிறகு கழன்றது. துருத் தண்ணீர் பக்கெட் நிறைய வந்தது. சின்னப்பையன் அதைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கழுவி, மறுபடி கூலன்ட் ஊற்றி, மறுபடி ஐஸ் கம்பெனிக்குப் போனார்கள். இந்த முறை பாட்டிலுக்குள் கூலன்ட் உறையாமல், தண்ணீர் போலவே ஆடியது.

(பச்சைத்தண்ணீர் என்றால் நமக்கு வெறும் தண்ணீர். அங்கே அது உயிர். இந்த வரியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே விட்டிருக்கிறேன்.)

6

முடிவு ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்து— வேண்டாம். கட்டிப்பிடிக்கிற ஆட்கள் இல்லை.

முடிவு இரண்டு: மலையிலிருந்து போன், 'ஒரே ஸ்டார்ட்ல கெளம்பிட்ச்சு மாமு!' நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி இன்னும் மலையேறவே இல்லை. நடக்காததை எழுத எனக்குக் கூச்சம்.

நடந்தது இது. டிரெய்லர் கிளம்பியதும் தப்ரேஸ் சொன்னாராம்: "நீயும் வா மாமு. ஒரு குளிர் அங்க இருந்து பாரு. வெள்ளிக்கெழம சென்ட்ரல்ல நிப்பேன், ரெண்டு டிக்கெட் போட்டு வெச்சிகிறேன்." அது கோபமா, மன்னிப்பா என்று சின்னப்பையனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

நான் இதை வியாழக்கிழமை மதியம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சற்று முன் சின்னப்பையன் போன் செய்தார்.

"சார், நல்ல கம்பளி சொட்டர் எங்க கெடைக்கும்?"

கடையைச் சொன்னேன். யாருக்கு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் போனை வைத்துவிட்டேன். அதை நீங்கள் கேளுங்கள்.