லாசரஸ் பாடத்திட்டம் தேடிய கதை

லாசரஸ் சிங்கப்பூரில், ஜூரோங் பகுதியில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனத்துக்குப் பல வருடங்களாகச் சாமான் வாங்கிக் கொடுத்தவர். ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் மூன்று இடத்தில் விலை கேட்பார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். நாலாவது ஒன்று இருக்குமோ என்று யோசிப்பார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அலுவலகத்தில் இதைத் திறமை என்றார்கள். வீட்டில் இதற்கு வேறு பெயர் இருந்தது. சுவா சூ காங் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த புதிதில் அவர் வரவேற்பறைக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள், எதிரே போகும் எல்ஆர்டி ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் சாப்பாட்டு நேரம் மனப்பாடமாகிவிட்டது என்று அவர் மனைவி பிரிஜட் எல்லோரிடமும் சொல்வாள்.

நிறுவனம் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு இடம் மாறியபோது லாசரஸ் அதனுடன் போகவில்லை. அவர் வீட்டில் இருக்க ஆரம்பித்த சமயத்தில்தான் மூத்தவன் ஜோனாவுக்கு வயிற்றுவலி வந்தது. காலையில் பள்ளிப் பேருந்து வரும் நேரத்துக்குச் சரியாக வரும், பேருந்து போனதும் போய்விடும். டாக்டர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். வகுப்பாசிரியை பொறுமைசாலி, பெற்றோரை உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். பையன் கெட்டிக்காரன், ஆனால் தேர்வில் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறான். விடை தெரிகிறது, அது சரிதானா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

பிரிஜட் மருத்துவமனையில் தாதி. முடிவெடுத்தே பழக்கப்பட்டவள். நீங்கள் வீட்டில்தானே இருக்கிறீர்கள், ஆறாம் வகுப்பு அரசுத் தேர்வு வரைக்கும் நீங்களே அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டாமவள் பெதானி, அண்ணாவுக்கு மட்டும் என்ன விசேஷம் என்று தரையில் படுத்துக்கொண்டாள். சரி, அவளும் என்று ஆனது. கடைக்குட்டி மீக்கா இன்னும் பாலர் பள்ளி வயதுதான். இரண்டு பேருக்குச் சொல்லித்தருகிற இடத்தில் அவன் இலவச இணைப்பாக ஒட்டிக்கொண்டான்.

வீட்டுக் கல்விக்குக் கல்வி அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும். என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று விளக்கி எழுதித் தர வேண்டும். இது லாசரஸுக்குப் பிடித்த வேலை. உலகில் உள்ள சிறந்த பாடத்திட்டங்களை ஒப்பிட்டு, என் பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து நடத்துவேன் என்று அழகாக எழுதிக்கொடுத்தார். அனுமதியும் கிடைத்தது. தேர்ந்தெடுத்து என்ற அந்தச் சொல்லில் என்ன ஆபத்து இருக்கிறது என்பது படித்துப் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பது லாசரஸின் கொள்கை. நல்லவேளையாக எல்லாப் பாடத்திட்டக்காரர்களும் முதல் சில பக்கங்களை மாதிரிக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். முதலில் வந்தது அமெரிக்கப் பாடத்திட்டம். அதில் பிள்ளைகள் பனியைச் சட்டியில் அள்ளி உருக்கி அளக்க வேண்டியிருந்தது. லாசரஸ் குளிர்பெட்டியின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். போதவில்லை. அடுத்தது இங்கிலாந்திலிருந்து வந்தது. அதில் புத்தகமே கிடையாது, காட்டில் நடந்து, கண்ணில் பட்டதை வரைய வேண்டும். மூவரையும் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போனார். முள்ளெலியைக் கண்டால் எப்படி அமைதியாக உட்கார்ந்து கவனிப்பது என்று அந்தத் திட்டத்தில் விரிவாக இருந்தது. முதலையைக் கண்டால் என்ன செய்வது என்று இல்லை. போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பினார்கள்.

மூன்றாவது, இலத்தீனில் ஆரம்பித்தது. தேவாலயத்தில் கேட்டு வளர்ந்த மொழி என்று லாசரஸுக்கு அதில் மனம் உருகியது. பெதானிக்கும் பிடித்துப்போய், அடுத்த நாள் முதல் மின்தூக்கியில் ஏறுகிறவர்களையெல்லாம் இலத்தீனில் திட்டுவதுபோல ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். கீழ்வீட்டு மலாய்க்கார அம்மா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். லாசரஸ் அதையும் ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினார். ஆஸ்திரேலியா, கனடா, ஹைதராபாத் என்று வந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொன்றிலும் மாதிரிப் பக்கங்கள் முடியும், லாசரஸ் மதிப்பெண் போடுவார், பிள்ளைகள் வேறொன்றின் முதல் பாடத்துக்குப் போவார்கள்.

இப்படியே சீனப் பெருநாளும் போய்விட்ட பிறகுதான் அமைச்சிலிருந்து அதிகாரி வந்தார். பெயர் கபிலன், இளைஞர். அன்று நல்ல மழை. நனைந்த குடையை வெளியே வைத்துவிட்டு, பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் மேஜைக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். தாய்மொழி எப்படி என்று பார்ப்பதற்காகவோ என்னவோ, தமிழிலேயே பேசினார். அறிவியலில் என்ன படித்தீர்கள் என்று கேட்டார். லாசரஸுக்கு நிம்மதி. ஏனென்றால் தண்ணீரின் சுழற்சி கிட்டத்தட்ட எல்லாத் திட்டங்களிலும் அறிவியலின் முதல் பாடமாக இருந்தது, பிள்ளைகள் அதை எந்த நாட்டு முறையிலும் சொல்வார்கள்.

பெதானி பென்சிலை எடுத்து மளமளவென்று வரைந்தாள். கடல், மேலே சூரியன், மேலே போகும் ஆவி, அது குளிர்ந்து திரண்ட மேகம். அதற்கு நிழல்கூடப் போட்டாள்.

“ரொம்ப நல்லாருக்கு. மேகத்துக்கு அப்புறம் என்ன ஆகும்?” என்றார் கபிலன்.

“அவ்ளோதான் அங்கிள்,” என்றாள் பெதானி.

கபிலன் ஜோனாவைப் பார்த்தார். ஜோனா மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதுக்கு மேல பாக்கணும்னா புக் வாங்கணும்,” என்று மீக்கா விளக்கினான். “சாம்பிள்ல மேகம் வரைக்கும்தான் வரும்.”

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எல்ஆர்டி ரயில் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு போனது. கபிலன் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பெருந்தன்மை இருந்தது. போகும்போது வாசலில் நின்று, “சார், அடுத்த தடவ வர்றப்ப ரெண்டாவது பாடம் பாக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். அதில் கிண்டல் இல்லாததுதான் லாசரஸை மிகவும் வாட்டியது.

பிரிஜட் வேலை முடிந்து வந்து, நடந்ததைக் கேட்டபோது முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். இத்தனை மாதமாக ஏன் எதையும் எடுக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டாள். லாசரஸ் வழக்கம்போல ஒவ்வொன்றின் குறைகளையும் அடுக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

“எனக்கு வாங்கத் தெரியும், பிரிஜட். சொல்லிக்குடுக்கத் தெரியாது,” என்றார். “சாமான் சரியில்லன்னா திருப்பி அனுப்பிடலாம். புள்ளைக்குத் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டா எங்க திருப்பி அனுப்பறது?”

“அதனால முதல் கேள்வியிலயே நின்னுட்டீங்க,” என்றாள் பிரிஜட். “ஜோனா யார் மாதிரின்னு அந்த டீச்சருக்குத் தெரியல. எனக்குத் தெரியும் லா.”

லாசரஸ் அறைப்பக்கம் திரும்பினார். அறைக்குள் ஜோனா தன் காலணிக் கயிற்றை ஒரு தடவை கட்டி, சரியில்லையென்று அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். மகன் அப்படிச் செய்வதை அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். சமர்த்துப் பிள்ளை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஓஃபியர் ரோட்டுத் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் குடும்பமாக லிட்டில் இந்தியாவுக்கு நடந்தார்கள். வீட்டுக் கல்வி நடத்தும் குடும்பங்கள் கேம்பல் லேன் பக்கம் ஒரு மாடிக்கூடத்தை எடுத்து, பழைய பாடப்புத்தகங்களை விற்கிறார்கள் என்று பிரிஜட்டுக்குத் தகவல் வந்திருந்தது. கீழே பூக்கடை, மேலே புத்தகம். லாசரஸ் படியேறிப் போய் முதல் மேஜையிலேயே அசந்து நின்றார். தான் இராத்தூக்கம் கெட்டு ஆசைப்பட்ட பாடத்திட்டங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அமெரிக்கப் பெட்டி, இலத்தீன், கனடா. ஒன்றை எடுத்துப் புரட்டினார். முதல் பக்கங்களில் பென்சில் எழுத்து, அதற்கப்புறம் வெறுமை. இன்னொன்றைப் புரட்டினார். அதிலும் அப்படித்தான். எல்லாருமே ஏறக்குறைய ஒரே இடத்தில் களைத்துப்போயிருந்தார்கள்.

அந்த மேஜைக்குச் சொந்தக்காரர் அஃப்ரீன், பூன் லேயிலிருந்து வந்தவர். ஐந்து பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறார், மூத்தவர்கள் ஆறாம் வகுப்புத் தேர்வைத் தாண்டிவிட்டார்கள். கடைசிப் பையன் மேஜைக்கு அடியில் ஒரு பாடத்திட்டத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இவ்வளவு அனுபவசாலி கிடைத்துவிட்டாரே என்று லாசரஸ் நேராக விஷயத்துக்கு வந்தார்: இதில் எது சிறந்தது?

“எது வாங்கினாலும் ஜனவரியிலேருந்து மார்ச் வரைக்கும் சிறந்ததுதான் சார்,” என்றார் அஃப்ரீன். “அதுக்கப்புறம் நீங்கதான்.”

இப்போது எதை வைத்துச் சொல்லித்தருகிறீர்கள் என்று லாசரஸ் விடாமல் கேட்டார். பள்ளிக்கூடத்தில் என்ன புத்தகமோ அதேதான் என்றார் அஃப்ரீன். எப்படியும் எல்லாரும் ஒரே தேர்வைத்தானே எழுத வேண்டும். பையன் ஒரு பக்கத்தில் மூன்று நாள் நின்றால் நாங்களும் நிற்போம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். லாசரஸுக்கு மனசு ஆறவில்லை. கண்டம் கண்டமாகத் தேடியவருக்கு, பக்கத்து வீட்டுப் பையன் பையில் வைத்திருக்கும் அதே புத்தகமா?

அவர் யோசித்து முடிப்பதற்குள் பிரிஜட் அவரை ஒரு புத்தகக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். நாலாம் வகுப்புக் கணக்கு, இரண்டாம் வகுப்புக் கணக்கு, அறிவியல், ஆங்கிலம், தமிழ், எல்லாம் மளமளவென்று கூடைக்குள் விழுந்தன. வேறு பதிப்பு ஏதும் இருக்கிறதா என்று லாசரஸ் கடைக்காரப் பெண்ணிடம் வாயைத் திறந்தார். பிரிஜட் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பாடம் தொடங்கியது. பின்னத்தை விளக்கக் கீழ்க்கடையிலிருந்து ரொட்டிப் பராட்டா வாங்கி வந்து நாலாக வெட்டினார். நாலில் மூன்று என்று காட்டத் திரும்புவதற்குள் மீக்கா அந்த மூன்றையும் சாப்பிட்டுவிட்டான். தமிழ்ப் பாடத்தில் வல்லினம் மிகும் இடங்களை நடத்தியபோது அவருக்கே வியர்த்தது. பெதானி ஒரு வாரத்துப் பயிற்சியைச் செவ்வாய்க்கிழமையே முடித்துவிட்டு, தம்பிக்கு ஆசிரியையாகவும் அப்பாவுக்கு மேலதிகாரியாகவும் ஆனாள்.

மூன்றாவது வாரத்தில் அது நடந்தது. லாசரஸ் ஒரு கணக்கைப் பலகையில் போட்டு, விடையின் கீழே இரண்டு கோடும் இழுத்துவிட்டார். ஜோனா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, அது தப்பு,” என்றான்.

லாசரஸ் சரிபார்த்தார். தப்புதான். இத்தனை மாதமாக அவர் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். ஆனால் ஜோனா அழவில்லை, வயிற்றைப் பிடிக்கவில்லை. அப்பாவின் கணக்கில் பிழை கண்டுபிடித்த பெருமையில் காது வரை சிவந்து உட்கார்ந்திருந்தான். லாசரஸ் அதை அழித்தார். “தப்பாப் போட்டா என்ன, அழிச்சுக்கலாம்,” என்றார். “நீ அடுத்ததுக்குப் போ.” தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிட்டது என்று அவர் நினைத்த சமயத்தில், ஒரு நாள் காலை பெதானி பழைய பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பாவாடை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது.

“எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்ப்பா,” என்றாள். “இங்க ரிசெஸ்ல வெளையாட அண்ணாவும் மீக்காவும் மட்டும்தான்.”

லாசரஸ் அதிர்ந்துபோனார். அப்பா சொல்லித்தருவது பிடிக்கவில்லையா என்று கேட்டார்.

“பிடிச்சிருக்கு. ஆனா நீங்க ரொம்ப எக்ஸ்ப்ளைன் பண்றீங்க.”

காலங்காலமாகக் கடைக்காரர்களின் சாமானை வேண்டாமென்று திருப்பி அனுப்பியவருக்கு, திருப்பி அனுப்பப்படுவது எப்படியிருக்கும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. பிரிஜட் ஆறுதல் சொல்ல வந்து, சிரிப்பை அடக்கத் தெரியாமல் சமையலறைக்குப் போய்விட்டாள். மாலையில் லாசரஸ் தானே சமாதானமானார். வீட்டையும் பள்ளியையும் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒரே காலையில் முடிவெடுத்திருக்கிறாள் இந்தப் பெண். தன் மகள்தானா இவள் என்று அவளை மறுபடி ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பள்ளியில் பேசினார். இடம் இருந்தது, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பாவாடையின் மடிப்பை இறக்கித் தைத்ததும் அவர்தான்.

கபிலன் மறுபடி வந்தபோது மேஜையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மீக்கா எழுத்துகளுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தான். கபிலன் ஜோனாவின் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தசமத்தில் ஒரு கணக்கு கேட்டார். ஜோனா யோசித்தான். நேரம் போனது. லாசரஸ் ஏதாவது குறிப்புக் கொடுக்கலாமா என்று முன்னால் வந்தார், பிறகு பின்னால் போனார். கபிலன் கடிகாரத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். கடைசியில் ஜோனா ஒரு விடையை எழுதி, நோட்டை அவர் பக்கம் நகர்த்தினான். மறுபடி அதை வாங்கிப் பார்க்கவில்லை.

கபிலன் தலையாட்டினார். இரண்டு பேரையும் இன்னும் ஏதேதோ கேட்டார், தேநீர் குடித்தார், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

அவர் போன பிறகும் லாசரஸ் கதவுப் பக்கமே நின்றார். அந்த விடை சரிதானா என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கபிலன் தலையாட்டியது சரி என்பதற்கா, பையன் எழுதிவிட்டான் என்பதற்கா? போய்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிடலாம் என்று மேஜைக்கு வந்தார்.

ஜோனா பக்கத்தைத் திருப்பிவிட்டிருந்தான். “உக்காருங்கப்பா,” என்றான். “அடுத்தது கஷ்டமா இருக்கு.”