தற்காப்புக்குச் சுட்டவர்

பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் மகாலட்சுமி மறுபடி அழ உட்கார்ந்தாள். வாசல் பந்தலில் அவளைப் பெற்ற ஐயா மொக்கைச்சாமி பிணமாகக் கிடந்தார். கால்மாட்டில் அம்மா பஞ்சம்மாள் தொண்டை கட்டிப்போய் விசும்பிக்கொண்டிருந்தாள். பீரோவுக்குள் அண்ணன் விஜயபாண்டியின் துப்பாக்கி இருந்தது. காட்டுப்பன்றிக்கென்று முறையாக லைசென்ஸ் வாங்கியதுதான். ஆனால் ஐயாவைக் கோர்ட்டுக்கு இழுத்த அழகர் துட்டி கேட்க இழவு வீட்டுக்கு வந்தால் பன்றியைச் சுடுவதுபோலச் சுடுவேன் என்று காலையிலிருந்தே அவன் முனகிக்கொண்டிருந்தான். அவன் வாய் வார்த்தையோடு நிற்கிற ஆள் இல்லை என்பது தங்கச்சிக்குத் தெரியும்.

ஐயாவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. அது இப்போது கோர்ட்டில் சீல் வைத்துக் கிடக்கிறது. தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருக்குக் காடு. ஒருநாள் விடியற்காலையில் கிணற்று மோட்டாரைக் களவாகக் கழற்ற வந்த அழகர் அரிவாளை ஓங்கினான். ஐயா தொடையில் சுட்டார். அந்த அரிவாள் போலீசுக்கு அகப்படவில்லை. கூலி கேட்கப் போனவனைச் சுட்டுவிட்டார் என்று அழகர் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். ஐயாமேல் கொலைமுயற்சி வழக்கு. உத்தமபாளையம் கோர்ட்டுக்கு நடையாய் நடந்த செலவில் தென்னந்தோப்பு கைவிட்டுப் போனது. ஐயா யாரிடமும் பேசுவதையே விட்டுவிட்டார். தீர்ப்பு வருவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது.

வக்கீல் சுந்தர்ராஜ் வழக்குக்கு முன்பே ஒரு யோசனை சொல்லியிருந்தார். துப்பாக்கி வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு இவ்வளவு என்று தன்னிடம் கட்டிவிட்டால், தற்காப்புக்குச் சுட்டு வழக்கு வந்தாலும் ஜாமீன் முதல் தீர்ப்பு வரை தானே பார்த்துக்கொள்வாராம். உயிருக்குப் பயந்து சுடுகிறவனுக்கு வக்கீல் எதற்கு என்று ஐயா சிரித்தார். வெள்ளந்தி மனுஷர். அப்போதே சேர்ந்திருந்தால் தோப்பு மிஞ்சியிருக்கும், நான் சேரத்தான் போகிறேன் என்று அண்ணன் நிற்கிறான். அவன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் வக்கீல் இருக்கிற தைரியத்தில் அவன் சுட்டுவிடுவானோ என்றுதான் மகாலட்சுமி பீரோவைப் பூட்டியிருந்தாள்.

மத்தியானம் அழகர் வந்தேவிட்டான். காலை இழுத்து இழுத்து நடந்தான். கொட்டு நின்றது. வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பங்காளிகள் துக்கம் வாங்கக் கையை நீட்டியிருந்தார்கள். பகையாளியானாலும் துட்டிக்கு வந்தவன் கையைத் தட்டிவிடுகிற வழக்கம் அங்கே இல்லை. ஒவ்வொரு கையாகத் தொட்டு வந்தான். தன் முறை வருவதற்குள் விஜயபாண்டி எழுந்து தங்கச்சியிடம் வந்தான்.

"சாவியக் குடு மகா."

"மாட்டேண்ணே."

"வக்கீல் சார் பாத்துக்கிருவாரு. குடு."

துட்டிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வக்கீல் சுந்தர்ராஜுக்கு முகம் வெளுத்தது. "தம்பி, நான் சொன்னது இதுக்கில்லப்பா" என்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அழகர் பந்தலுக்குள் வந்து அண்ணன் முன்னால் இரண்டு கையையும் நீட்டினான்.

"அருவாள ஓங்குனது நெசந்தான். ஓடையில எறிஞ்சுட்டேன். களவுக் கேசுல உள்ள போட்டுருவாகன்னு பொய் சொல்லிட்டேன். பெரியவரு மேல ஒரு தப்பும் இல்ல."

எவ்வளவு காலமாக அந்த வீடு காத்திருந்த பேச்சு! ஐயா செத்த பிறகு வந்திருக்கிறது. அவனைக் கொல்ல வேண்டும் என்று மகாலட்சுமிக்கே ஒரு கணம் வெறி வந்தது. இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விஜயபாண்டி வக்கீல் பக்கம் திரும்பினான். "இத எழுதி வாங்கிக் கோர்ட்டுல குடுக்கலாமா சார்?"

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டு, ஆள் போனதோடு வழக்கும் போய்விட்டது, இனிக் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ கோர்ட்டு சொல்லாது என்றார்.

"வருசாவருசம் கட்டியிருந்தா, இவன அன்னைக்கே உண்மையச் சொல்ல வச்சிருப்பீகளா?"

கேட்டுவிட்டு விஜயபாண்டி, அழகரின் கையைத் தொட்டும் தொடாமலும் தொட்டுவிட்டு உட்கார்ந்தான். "காரியம் முடிஞ்சதும் துப்பாக்கியக் கொண்டுபோயி ஸ்டேசன்ல ஒப்படைச்சிருவோம் மகா" என்றான்.

குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க ஆண்கள் கிளம்பினார்கள். மகாலட்சுமி தலைமாட்டுக்கு நகர்ந்தாள். ஐயாவின் வாயை மூடக் கட்டியிருந்த துணி, காதையும் சேர்த்து மறைத்திருந்தது. அதை விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டு, அழகர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவர் காதுக்குள் சொன்னாள்.