வெட்டாமல் விட்ட முப்பத்தொரு காய்

வீட்டில் ஹர்ஷிணியை லூடோவில் யாரும் தோற்கடித்ததில்லை. எட்டு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கறிச்சோறு செரிக்கும் நேரத்தில் நடந்த முப்பத்து நான்கு ஆட்டங்களில் முப்பத்து நான்கிலும் அவளே முதலிடம். இப்படியொரு சாதனைக்கு இரண்டே காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, அபாரத் திறமை. இன்னொன்று, கோயமுத்தூர்க்காரர்களின் மரியாதை.

அவளுக்குத் திறமை இருந்தது. ஆனால் காரணம் இரண்டாவதுதான்.

ஹர்ஷிணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவள் தம்பி ஹர்ஷா, பொறியியல் மூன்றாம் ஆண்டு, பரீட்சைக்கு முந்தின வாரம் படிக்கப் பிடிக்காமல் தேடியபோது அகப்பட்டது இந்த ஆட்டம். பார்வை உள்ளவர்களுக்குத் திரையில் கட்டமும் காயும் தெரியும். பார்வை இல்லாதவர்களுக்கு எல்லாவற்றையும் ஃபோனே சொல்லும்: யாருக்கு எத்தனை விழுந்தது, எந்தக் காய் எந்தக் கட்டத்தில், பின்னால் எத்தனை கட்டத்தில் எதிரி. நான்கு பேரும் நான்கு ஃபோனில், ஒரே கூடத்தில், ஒரே சோஃபாவைச் சுற்றி உட்கார்ந்து ஆடலாம். ஹர்ஷிணி தன் ஃபோனின் குரலை மும்மடங்கு வேகத்தில் வைத்து ஒரு காதில் மாட்டியிருப்பாள். ஹர்ஷா ஒருமுறை வாங்கிக் கேட்டுவிட்டு, "தேன்கூட்டுக்கு மைக் குடுத்த மாதிரி இருக்குதுக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அந்தத் தேன்கூடு இன்னொன்றையும் சொன்னது. மற்றவர்களுக்கு வெட்டும் வாய்ப்பு வந்தால் சொல்லும். அதை அவர்கள் விட்டுவிட்டாலும் சொல்லும். "கோபாலசாமி ஹர்ஷிணியின் காயை வெட்டலாம். கோபாலசாமி வேறு காயை நகர்த்தினார்." மூன்றாம் வாரத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. அவளுக்குத் தெரியும் என்பது தெரியாமல் இருந்தவர்கள் பார்வையுள்ள மூவர்தான். அப்பா கோபாலசாமி, பிள்ளைகளுக்கு நைனா, ஹர்ஷாவைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பதும், அம்மா வெங்கடலட்சுமி கண்ணைக் காட்டுவதும், ஹர்ஷா தலையாட்டுவதுமாக ஒரு ரகசியப் போலீஸ் நாடகமே வாராவாரம் நடந்தது. ஹர்ஷிணி அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஒருவர் மரியாதை செய்வதைக் கண்டுபிடித்துச் சொல்வது இந்த ஊரில் மரியாதை இல்லை. தவிர, ஜெயிப்பது நன்றாகத்தான் இருந்தது.

முப்பத்தைந்தாவது ஞாயிறு வரைக்கும்.

அந்த வாரம் அவளுக்கு வங்கியில் கிளார்க் வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. கிளை: சென்னிமலை. பதினைந்து நாளில் சேர வேண்டும். வங்கிக்கு இரண்டு தெரு தள்ளி தெய்வாத்தாள் என்ற அம்மா மாடியறையை வாடகைக்கு விடுவதாகவும், கல்லூரித் தோழி அக்ஷிதா அங்கேதான் இருப்பதாகவும் ஹர்ஷிணி ஃபோனிலேயே விசாரித்து முடித்திருந்தாள். நைனாவும் விசாரித்து முடித்திருந்தார், வேறு ஒன்றை.

"காலைல ஏழரைக்குக் கெளம்புனா ஒம்பதே முக்காலுக்கு சென்னிமலை. உன்னையப் பேங்க்ல வுட்டுப்போட்டு அங்கயே கார்ல உக்காந்துக்கறேன். சாயந்தரம் கூட்டிட்டு வாரேன். பட்டறைய மேஸ்திரி பாத்துக்குவாரு" என்றார் கோபாலசாமி. பீளமேட்டில் மூன்று லேத்தை வைத்து பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைபவர். எண்பது கிலோமீட்டர் போவது, எட்டு மணி நேரம் காத்திருப்பது, எண்பது கிலோமீட்டர் வருவது என்ற திட்டத்தை, பக்கத்துக் கடையில் தயிர் வாங்கி வருவது போலச் சொன்னார்.

"எத்தன வருசத்துக்குங்க நைனா?"

"நீ ரிட்டையர் ஆகற வரைக்கும்."

ஹர்ஷா கணக்குப் போட்டான். "அப்ப நைனாவுக்குத் தொண்ணூத்தி மூணு வயசு. லைசென்ஸ் தருவாங்களான்னு தெரியலீங்க."

"நீ சும்மா இர்றா."

ஹர்ஷிணிக்குத் தனியாகப் போக வேண்டும். கல்லூரிக்கு மூன்று வருடம் ஒரே பேருந்தில் ஒரே கோலோடு போய் வந்தவள். சேர்ந்த முதல் நாளே வங்கி வாசலில் அப்பா காரில் காத்திருந்தால், கவுன்டரில் அவளுக்குக் கிடைக்கப்போவது மரியாதை அல்ல, அனுதாபம். வாதாடினால் நைனா கேட்க மாட்டார். அவர் கேட்பது ஒன்றுக்குத்தான்.

"ஆட்டத்துல முடிவு பண்ணிக்கலாமுங்க" என்றாள். "நம்ம ரெண்டு பேர்ல யாரு முன்னால முடிக்கறாங்களோ அவிய சொல்றதுதான்."

சோஃபா ஸ்பிரிங் முனகியது. நைனா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"சேரி கண்ணு."

"ஆனா ஒரு நிபந்தனைங்க. வெட்டற எடத்துல வெட்டணும்."

"நான் எப்பவும் வெட்டறவன்தான் அம்மணி."

ஹர்ஷிணி ஃபோனில் ஆட்டப் பதிவைத் திறந்து, குரலின் வேகத்தைக் குறைத்து, காதுக்கருவியைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை ஏற்றினாள். கூடம் முழுக்கக் கேட்டது. "கோபாலசாமி ஹர்ஷிணியின் காயை வெட்டலாம். கோபாலசாமி வேறு காயை நகர்த்தினார்." அடுத்தது. அதற்கு அடுத்தது. ஃபோன் தேதி வாரியாக, கோபமோ வருத்தமோ இல்லாமல், முப்பத்தொரு முறை சொன்னது. நடுவில் நான்கு முறை அம்மாவின் பேரும் வந்தது.

"அது கை தவறிப் போயிருக்கும்" என்றாள் அம்மா.

"நாலு தடவையும் ஒரே கையாங்மா?" என்றான் ஹர்ஷா.

எட்டு மாதமாக உதட்டில் வைத்த விரல்களெல்லாம் நைனாவுக்கு நினைவு வந்துகொண்டிருக்க வேண்டும்.

"கோவமாங் கண்ணு?"

"இல்லீங்க. ஆனா நீங்க வுட்டுக் குடுத்து நான் சென்னிமலை போனா, அங்கயும் யாராவது வுட்டுக் குடுத்துட்டே இருப்பாங்க. வெட்டுங்க. தோத்தா கார்ல வாரேன்."

ஆட்டம் தொடங்கியது. ஹர்ஷா பச்சை, அம்மா மஞ்சள். இருவரும் ஒப்புக்கு ஆடினார்கள். முதல் அரை மணி நேரம் நைனா பாதுகாப்பாகவே நகர்ந்தார். ஹர்ஷிணி மூன்று காய்களைப் பழமாக்கிவிட்டாள். நாலாவது, வீட்டுப் பாதைக்குள் நுழைய மூன்று கட்டம் வெளியே நின்றது. அப்போது நைனாவுக்கு நான்கு விழுந்தது. தேன்கூடு சொன்னது: கோபாலசாமி ஹர்ஷிணியின் காயை வெட்டலாம்.

மின்விசிறி சுற்றுவது கேட்டது. அம்மாவின் வளையல் அசையவில்லை.

"வெட்டட்டுமா கண்ணு?"

"அதை எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க?"

வெட்டினார்.

காய் சுற்று முழுவதும் இழந்து ஆரம்பத்துக்குப் போயிற்று. ஹர்ஷிணிக்கு ஏமாற்றமாக இருந்தது. உடனே அது நன்றாகவும் இருந்தது. நைனா முதலில் இருமினார். பிறகு சிரித்தார். பட்டறையில் சரியான அளவில் ஷாஃப்ட் கடைந்து முடித்தால் சிரிக்கும் சிரிப்பு. அதன்பின் அவளுக்கு ஆறு விழவே இல்லை. நைனா நாலு காயையும் பழமாக்கினார்.

"ரூல் ரூல்தானுங்க" என்றாள் ஹர்ஷிணி. "சேர்ற அன்னிக்குக் காலைல ஏழரைக்குக் கெளம்பறோம்."

நைனா கேட்டது வேறு.

"இன்னொரு ஆட்டம் போடலாமா?"

எட்டு மாதப் பத்தியம் முடித்தவர் முதல் வாய் ருசி கண்டுவிட்டார். ஹர்ஷிணி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் எதிர்பாராத ஆறு விழுந்தால் காயை இறக்காமல் இருப்பவள் அல்ல.

"பந்தயம் இல்லாம நான் ஆட மாட்டனுங்க. ஜெயிச்சதத் திருப்பி வைங்க."

"ஏனுங்க, வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

"வெச்சேன்" என்றார் நைனா.

ஹர்ஷிணி இப்போதுதான் ஆடினாள். பார்வையுள்ள மூவரும் பலகை கண்முன் இருக்கிற தைரியத்தில் தங்கள் காயை மட்டும் பார்ப்பார்கள். அவளுக்கு ஐம்பத்திரண்டு கட்டமும் தலைக்குள் இருந்தது. நைனா வெட்டினார். ஒருமுறை, இரண்டு முறை. ஒவ்வொரு வெட்டுக்கும் பத்திரமான கட்டத்திலிருந்து வெளியே வந்தார். வெட்டினால் மறுமுறை உருட்டும் விதியை, சண்டை வருகிறதென்று அம்மா எப்போதோ அணைத்து வைத்திருந்தாள். அதனால் வெட்டியவர் வெட்டிய இடத்திலேயே நிற்க வேண்டும்.

கடைசியில் நைனாவுக்கு இரண்டு காய் மிச்சம். ஒன்று வீட்டுப் பாதைக்குள், பழமாக இரண்டே கட்டம். இன்னொன்று நடுவழியில். அதற்கு இரண்டு கட்டம் முன்னால் ஹர்ஷிணி தன் காய் ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தினாள். அதற்கு ஐந்து கட்டம் பின்னாலும் மூன்று கட்டம் பின்னாலும் அவளுடைய வேறு இரண்டு காய்கள் சாதுவாக நின்றன.

நைனாவுக்கு இரண்டு விழுந்தது.

"பழமாக்குங்க" என்றாள் அம்மா.

"நைனா, அக்கா அங்க சும்மா நிக்கல" என்றான் ஹர்ஷா.

"நீ ஆருக்கடா சப்போர்ட்டு?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினார் நைனா.

ஹர்ஷிணி உருட்டினாள். ஃபோன் கைக்குள் அதிர்ந்தது. ஐந்து.

"கண்ணு" என்றார் நைனா. இந்தக் கண்ணுவின் தொனி வேறு. "அப்பனை வெட்டுவியா?"

"வெட்டட்டுமான்னு நான் கேக்க மாட்டனுங்க."

வெட்டினாள். அதன்பின் நைனாவின் காய் வெளியே வர ஆறு கேட்டு முப்பது முறை உருட்டினார். முப்பதாவது முறை ஆறு விழுந்தபோது ஹர்ஷிணியின் கடைசிக் காய் பழமாகி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. பந்தயம் முடிந்ததைக் கவனிக்காமல் அவர் அம்மாவை வெட்டுவதற்குத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகுதான் ஃபோனை மடியில் வைத்தார். ஹர்ஷிணி காத்திருந்தாள். அவரை அவசரப்படுத்தக் கூடாது என்று தெரியும்.

"அந்தத் தெய்வாத்தாளம்மா நெம்பர் குடு" என்றார். "மாடிப்படிக்குக் கைப்புடி இருக்குதான்னு கேக்கறேன்."

"இருக்குதுங்க. கேட்டுப்போட்டேன்."

"தண்ணி?"

"ஒருநாள் வுட்டு ஒருநாளுங்க."

"சேரி." கேட்பதற்கு வேறெதுவும் அகப்படவில்லை போலும். எழுந்து அறைக்குப் போகத் திரும்பியவர் கதவருகிலேயே நின்றார். "இந்த ஆட்டம்... அவிய அவிய ஊர்ல இருந்துட்டே ஆடலாமா?"

"ஆடலாமுங்க. இன்டர்நெட் இருந்தாப் போதும்."

"அப்ப ஞாயித்துக்கெழமை மூணு மணி" என்றார் கோபாலசாமி. "ஊட்டுக்கு வாரேன், துணி தொவைக்கறேன்னு சாக்குச் சொல்லக்கூடாது. எனக்கு ஒரு காய் பாக்கி இருக்குது."