ஐந்து முடிச்சுக் கடிதம்

வாசல் கேட்டில் அந்தக் கடதாசியை முதலில் கண்டவள் மபாஸா. சுண்டுவிரல் அளவுக்கு மடித்து, கறுப்பு நூலால் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சுகளை எண்ணினாள். ஐந்து. நீட்டிய கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

அந்த வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே மௌத்தாகி, உயிரில்லாமல் பிறந்திருந்தன. பிரஷர் கூடியிருக்கிறது, இன்றைக்கே சிலாபம் ஆஸ்பத்திரிக்கு வந்து படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிந்ததிலிருந்து அவளுக்குக் கால் எழவில்லை. பையில் அடுக்கிய பிள்ளைச் சட்டைகளைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். கட்டாரிலிருக்கும் கணவன் ஸுஹைபும் சொந்தக்காரர்களும் ஃபோனுக்கு அனுப்பிய, பிரார்த்தனை எழுதிய துஆப் படங்கள் ஒன்றையும் அவள் திறக்கவில்லை.

"மாமி!"

மாமியார் சாரா உம்மா அடுப்படியிலிருந்து இடுக்கியோடு ஓடி வந்தாள்.

"தொடாத புள்ள! சூனியம்! பக்கத்து ஊட்டு றிஷ்னாட வேலதான். ஆட்ட ஏசினதுக்கு இப்பிடியா செய்வாள்?"

றிஷ்னாவின் ஆடு இவர்களுடைய வெங்காய நாற்றை மேய்ந்து மூன்று மாதம். அன்றிலிருந்து இரு வீட்டுக்கும் கதை பேச்சில்லை.

"மண்ணெண்ணெய ஊத்திப் பத்த வெக்கிறேன்."

"முடிச்ச அவுக்காம எரிச்சா அது உள்ளுக்கே நிண்டிடும் எண்டு சொல்லுவாங்களே மாமி."

"ஆரு சொன்ன?"

"நீங்கதான்."

சாரா உம்மா இடுக்கியைத் தாழ்த்தினாள். நூலைக் கம்பியிலிருந்து அறுத்து, கடதாசியை இடுக்கியாலேயே தூக்கி வந்து பிளாஸ்டிக் கதிரையில் வைத்தாள்.

மபாஸா கைகால் முகம் கழுவி ஒழுச் செய்து வந்து, பிஸ்மி சொல்லி, குர்ஆனின் சூரத்துல் ஃபலக்கை ஓதத் தொடங்கினாள். அதில் ஐந்து ஆயத்து, ஐந்தே வசனம். ஆயத்துக்கு ஒரு முடிச்சாக நகத்தால் நெம்பினாள். வயிற்றுக்குள் பிள்ளை அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

முடிச்சுகளில் ஊதுகிறவர்களின் தீங்கிலிருந்து காவல் தேடும் நான்காவது ஆயத்தில் அவள் விரல் நின்றது. இது மீன்வலை பின்னும் முடிச்சு. அதிலும் நூலை இரண்டு தரம் சுற்றி இழுக்கிறவள் றிஷ்னா ஒருத்திதான். எத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தியவள்! அப்படியென்றால் மாமி சொன்னது மெய்யா? பயந்த கண்ணுக்கு அன்பும் ஆபத்தாகவே தெரியும்; மபாஸாவைக் குறை சொல்லி என்ன?

ஐந்தாவதையும் ஓதி அவிழ்த்தாள். பள்ளிக் கொப்பியில் கிழித்த தாள். இரண்டு இடத்தில் வெட்டி எழுதிய எழுத்து.

"மபாஸா, ஒன்ன ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்க எண்டு கேள்விப்பட்டேன். முகத்தப் பாத்துக் கதைக்க எனக்கு வாய் வரல்ல. என்ட மகன் ஹஸன் பொறக்க முந்தி எனக்கும் ஒண்டு மௌத்தாப் போச்சு. அண்டைக்கி நீ வந்து ஒண்டும் கதைக்காம பக்கத்துல இருந்தாய். அத நான் மறக்கல்ல. அடுத்த தடவ ஆஸ்பத்திரி வாசல்ல பயத்துல கொடலப் பொரட்டி சத்தி எடுத்துட்டுத்தான் உள்ளுக்குப் போனேன். பயத்தோட போனாலும் போகலாம். நீ போ. ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் ஒனக்கு துஆ கேக்குறேன். ஆட்டக் கட்டிப் போட்டீக்கி. ஒன்ட கோழிக்கும் நான் தீன் போடுறேன். காத்துக்குப் பறந்திடும் எண்டுதான் இறுக்கிக் கட்டினேன்."

மபாஸா இரண்டு தரம் வாசித்தாள். மூன்றாம் தரம் எழுத்து கலங்கியது.

"என்னவாம்?" சாரா உம்மா இடுக்கியைக் கீழே வைக்கவில்லை.

"ஆட்டக் கட்டிப் போட்டாளாம்."

சாரா உம்மா வேலிப் பக்கம் பார்த்தாள். ஆடு கயிற்றில் கட்டியபடிதான் நின்றது. "அல்லாஹ்வே, நான் என்னெல்லாம் சொல்லிட்டேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

மபாஸா எழுந்து உள்ளே போனாள். அலுமாரியைத் திறந்து சட்டைகளை எடுத்துத் திரும்பவும் பையில் அடுக்கினாள். கடிதத்தை அதே நூலால் கட்டி அவற்றுக்கு நடுவில் வைத்தாள்.

"மாமி, ஓட்டோவுக்குச் சொல்லுங்க. ஒரு சொப்பிங் பேக்கும் எடுத்துக்குங்க. எனக்கும் சத்தி வரும்போல ஈக்கி."