ஷெய்லா டிக் போட்டாள், டாசன் போடவில்லை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. கனடாவின் தண்டர் பே நகரில் நானும் லோர்னாவும் ஒட்டு வீடுகளில் குடியிருக்கிறோம். நடுச்சுவர் மெல்லியது. அவள் வீட்டில் சண்டை வந்தால் என் அலமாரியில் தட்டு நகரும். கதை தேடி நான் எங்கும் அலையவில்லை. டீ போட்டுக்கொண்டு சுவரோரம் நாற்காலியை நகர்த்தினேன், அவ்வளவுதான்.

(முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘உறைந்த ஏரியின் மேல் கழுகொன்று வட்டமிட, அனிஷினாபே தாய் ஒருத்தி தன் மூதாதையரை நினைத்து—’ லோர்னா அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவள்தான்; ஆனால் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அன்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது தன் காரின் தேய்ந்துபோன பனி டயரைப் பற்றி. கழுகைப் போகச் சொல்லிவிட்டேன்.)

2

நடந்தது இதுதான். லோர்னாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஷெய்லா பெண், டாசன் பையன். வரும் செப்டம்பரில் இருவரும் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி: மாணவர் பூர்வகுடியைச் சேர்ந்தவரா? விருப்பமிருந்தால் மட்டும் பதில் சொன்னால் போதும். உங்கள் விஷயம், நீங்களே போடுங்கள் என்று லோர்னா பேனாவைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டாள். ஷெய்லா டிக் போட்டாள். டாசன் கட்டத்தைக் காலியாக விட்டான்.

பள்ளி அலுவலகத்திலிருந்து திருமதி பெக்கலா அழைத்தார். லோர்னா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். கதாசிரியைக்கு வேறென்ன வேண்டும்?

“ஒரு சின்னக் குழப்பம், தப்பா நினைக்காதீங்க. ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்கதானே?”

“ஆமா.”

“ஒண்ணு பூர்வகுடின்னு இருக்கு. இன்னொண்ணு இல்லன்னு இருக்கு.”

“இல்லன்னு எங்கம்மா இருக்கு? அவன் ஒண்ணுமே எழுதலயே.”

“அதான், எதைத் திருத்தறதுன்னு...”

“எதையும் திருத்த வேணாம். ரெண்டும் என் வயித்துலேருந்துதான் வந்துச்சு. அது எனக்கு நல்லாவே ஞாபகம் இருக்கு.”

பெக்கலா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருமினார். பிறகு இன்னொன்றும் சொன்னார். அனிஷினாபே மொழி வகுப்பு தொடங்க ஒரு பெயர் குறைகிறது. அந்தப் பள்ளியில் டிக் போட்டவர்களை எண்ணித்தான் வகுப்பு வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசி; மாற்ற நினைத்தால் புதுப் படிவம் கொடுத்தால் போதும்.

3

“டேய், ஒரே ஒரு டிக்குடா!” இது ஷெய்லா. “பேனாவை இப்படி வெச்சு இப்படி இழுக்கணும். கை சுளுக்கிக்குமா?”

“நீ போட்டுட்டேல்ல? போ.”

“அம்மாவுக்கே நம்ம மொழி பேசத் தெரியாது. நான் எங்க போய்க் கத்துக்கறது, உன் வீடியோ கேம்லயா?”

இந்த இடத்தில் டாசன் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறான்? நானே காரணங்கள் தயாரித்தேன். வெட்கம். பயம். ஒரு வெள்ளைக்காரக் காதலி. காதலிக்குக் கண்ணின் நிறம்வரை முடிவு செய்திருந்தேன். அதற்குள் அவனே பேசிவிட்டான்.

“ஆறாங்கிளாஸ்ல நான் போட்டேன், நீ போடல. மறுவாரமே என்னை மட்டும் படிக்கத் தெரியாத பசங்களோட உக்கார வெச்சாங்க. ஒரு பரீட்சைகூட வெக்கல. வீட்ல நான் தடித்தடியா புக்கு படிச்சிட்டிருந்தேன். அங்க அட்டையக் காட்டி, ‘பூனை’, ‘பானை’ன்னு* வாசிக்கச் சொன்னாங்க. வருஷம் பூரா வாசிச்சேன்.”

“ஏண்டா எங்கிட்ட சொல்லல?” லோர்னாவின் குரல் இறங்கிப்போனது.

“நீ டபுள் ஷிஃப்ட்ல இருந்தே. வந்ததும் ஷூவோட தூங்கிடுவே.”

என் டீ ஆறிப்போயிருந்தது. வரைவிலிருந்து காதலியை அடித்துவிட்டேன்.

(* அட்டையில் பூனையும் பானையும் இருந்திருக்காதுதான். மொழிபெயர்ப்பு என்னுடையது. அவமானத்தை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. — இந்த வாக்கியம் கொஞ்சம் அலட்டுகிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

4

மறுநாள் லோர்னா மூஸ் மான் கறிக் கிண்ணத்தோடு என் கதவைத் தட்டினாள்.

“எல்லாம் கேட்டுச்சாடி?”

“கொஞ்சம்.”

“எழுதறியா?”

“...கொஞ்சம்.”

“படிக்கறவங்க அழற மாதிரி எழுதினே, அப்புறம் கறி கெடையாது. கழுகு கிழுகு வெச்சியா?”

“எடுத்துட்டேன்.”

“வெச்சிருந்திருக்கே, பாத்தியா!”

அவள் அன்று அரை நாள் விடுப்பு எடுத்துப் புதுப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். சோதித்துப் பார்க்காமல், வீட்டில் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் இடம் மாற்றமாட்டோம் என்று துணை முதல்வரைச் சொல்லவைத்து, இன்னொரு தடவையும் சொல்லவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

“அப்ப டாசன் போட்டுடுவானா?” என்றேன்.

“நான் கேக்கல. நீயும் கேக்காத.”

வியாழன் மாலை ஷெய்லா தம்பியின் அறைக்கதவைத் தட்டியது எனக்கும் கேட்டது.

“எனக்காகப் போடாத. கேட்டது தப்பில்ல. கத்தினதுதான் தப்பு.”

“சரி.”

“பர்ஷியன் பன் ஒண்ணு இருக்கு. பாதி வேணுமா?”

“எந்தப் பாதி?”

“மேல ரோஸ் கிரீம் அதிகமா இருக்கற பாதி. போதுமா, மகாராஜா?”

கதவு திறந்தது.

5

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. முதலாவதில் டாசன் டிக் போடுகிறான், வகுப்பு தொடங்குகிறது, பிள்ளைகள் தாய்மொழியில் பேச லோர்னா கண்— (கறி கிடைக்காது.) இரண்டாவதில் அவன் போடவில்லை, வகுப்பு இல்லை, ஜன்னலுக்கு வெளியே பனி பெய்கிறது. இதை வாசித்த என் எழுத்தாள நண்பர் ‘நுட்பம்’ என்றார். பனி பெய்தாலே அவருக்கு நுட்பம்.

வெள்ளிக்கிழமை காலை கார்க் கண்ணாடியில் பனிக்கட்டி சுரண்டிக்கொண்டிருந்தேன். டாசன் வெளியே வந்தான். ஜாக்கெட் பையில் மடித்த படிவக் காகிதம் எட்டிப்பார்த்தது. லோர்னா சொன்னதை மறந்து கேட்டுவிட்டேன்.

“போட்டியா?”

“எதுக்கு ஆன்ட்டி, உங்க கதைக்கா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா.”

“விருப்பமிருந்தா சொன்னாப் போதும்னு அதுலயே எழுதியிருக்கே.” சிரித்தான். காகிதத்தை உள்ளே தள்ளி ஜிப்பை இழுத்துவிட்டு, தெருமுனைக்கு வந்துவிட்ட பேருந்தை நோக்கி ஓடினான்.

ஆக, முடிவு இனி உங்கள் பாடு. எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அவனைக் கேட்டுவிட்டு.