முதுகின் வயது

சமையலறைக் கதவின் நிலையில் முதுகை அழுத்திக் கண்களை மூடிக்கொண்டு அவள் மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் கணவர் மேஸ்திரி, பூச்சு வேலையிலிருந்து திரும்பினார். வாசலில் சாவி திரும்பிய ஓசை அவளுக்குக் கேட்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிய வாசனைகூட எட்டவில்லை. அவர் உள்ளே வந்து அடுப்பை அணைத்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"நிலை பேந்து வந்துடப்போகுது. அப்புறம் அதுக்கும் நான்தான் கலவை போடணும்," என்றார்.

"வந்தா ஒரு குரல் கொடுக்கக்கூடாதா? திருடன் மாதிரி நுழையறீங்க."

"திருடனா இருந்தா இந்தக் கோலத்தப் பாத்துட்டு அப்பவே ஓடியிருப்பான்."

அவள் பால் பாத்திரத்தை எடுக்கத் திரும்பினாள். சட்டையின் முதுகுப்பக்கத்தில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஊறியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வாயிலிருந்த அடுத்த கேலி வராமல் நின்றுவிட்டது.

"மறுபடியும் கிழிச்சுக்கிட்டியா?"

"சும்மா லேசா பட்டிருக்கும்."

போன மாதமும் அப்படித்தான் 'லேசாக' பட்டது. மரக் கரண்டியின் காம்பால் சொறிந்த இடம் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, மருத்துவமனையில் படுக்கவேண்டியதாயிற்று. நோய் ஒன்றுமில்லை, வயதானால் தோலுக்குள் எண்ணெய் சுரப்பது குறைந்துவிடும், குளிர்காலத்தில் இன்னும் மோசமாகும் என்றார் தோல் மருத்துவர். ஒரு பெரிய வெள்ளைக் குழாயில் கிரீம் எழுதிக்கொடுத்தார். குளித்து முடித்த ஈரத்தோடு ஒருமுறை, படுக்கும்முன் ஒருமுறை முதுகு முழுக்கத் தடவவேண்டும். நகம் படவே கூடாது. இன்னொரு முறை சீழ் வைத்தால் இவ்வளவு சுலபமாகப் போகாது. கூட இருந்த மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, தினமும் தடவியும் விட்டாள். பிறகு அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. கிரீம் இருந்தது, முதுகு இருந்தது, இரண்டையும் சேர்த்துவைக்க ஆள் இல்லை. பாத்திரம் கழுவும் நீளப் பிரஷ்ஷில் துணியைச் சுற்றித் தானே தடவிப் பார்த்தாள்; பாதி துணி குடித்தது. கதவு நிலையில் கிரீமைப் பூசி அதில் முதுகைத் தேய்த்தும் பார்த்தாள். நிலைதான் பளபளத்தது.

அன்று மாலை மகள் வீடியோ போனில் வந்தாள். மேஸ்திரி எதையும் மறைக்கத் தெரியாதவர், சிவப்புக் கோட்டைச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரேம்ப்பா. குளிர் முடியற வரைக்கும் அம்மா எங்கூட இருக்கட்டும்."

"அப்ப நானு?"

"உங்களால வேலைய விட்டுட்டு வரமுடியுமா? இங்க இருக்கறதும் ஒரே ரூம். அம்மாவும் நானும்னா எப்படியோ படுத்துக்கலாம்."

"தடவிவிட நான் இருக்கேன்ல? எத்தன தடவ கேட்டாச்சு. மகாராணி உத்தரவு குடுக்க மாட்டேங்கறாங்க."

"ஏம்மா?" என்றாள் மகள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்துப் போனுக்கு முன்னால் காட்டினாள், மகளுக்கு அந்தக் கையைத் தெரியாததுபோல. "இதப் பாரு. இந்தக் கையால தொட்டா எந்தோல் என்னத்துக்காகும்? கிழிஞ்சிடாதா?"

அதில் பொய் இல்லை. சுவர் பூசும் வேலையில் அவருடைய விரல்நுனிகள் வழவழவென்று தேய்ந்து, உள்ளங்கை மட்டும் மரப்பட்டையாகியிருந்தது. வெடிப்புகளுக்குள் சாம்பல் நிறம் போய்க் குடியேறி, எந்தச் சோப்புக்கும் அசையாமல் இருந்தது. துவைத்த துணியை அவர் மடித்தால் நூல் மாட்டிக்கொண்டு இழுக்கும். மகள் சிரித்தாள். மேஸ்திரி சிரிக்கவில்லை. கையைத் தன் பக்கம் இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் காரணம் கையல்ல.

நகரத்தின் பெரிய கடை ஒன்றில், அழகுப்பொருள் பிரிவின் கண்ணாடி மேசைக்குப் பின்னால் அவள் தன் வேலைக்காலம் முழுவதையும் நின்றே கழித்தவள். அந்த மேசையில் 'வயது' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதி. சுருக்கம் என்று சொல்லமாட்டார்கள். தோல் களைத்திருக்கிறது என்பார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். கண்ணாடியைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு, கழுத்தை விரலால் தொட்டு, "எனக்கில்ல, தங்கச்சி கேட்டா" என்று தொடங்குவார்கள். ஆண்கள் எல்லோருமே மனைவிக்காக என்று சொல்லித்தான் வாங்கினார்கள். கிரீமைத் தொட்டுக்காட்ட அவள் அவர்கள் புறங்கையைப் பிடிப்பாள். முகம் மறைத்த கணக்கைப் புறங்கை சொல்லிவிடும். டப்பாவின் மேல் போட்டிருப்பதில் முக்கால்வாசி நடக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மாதிரிக்கு வந்த எதையும் வீணாக்கியதில்லை. இரவில் கீழிருந்து மேலாக, கழுத்திலிருந்து தாடை, தாடையிலிருந்து கன்னம் என்று தடவாமல் படுத்ததில்லை. அறுபத்தாறு வயதில் அந்த முகத்தைப் பார்க்கிறவர்கள் பத்து வருடம் தள்ளுபடி கொடுத்தார்கள். அதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு, வெளியே சொல்லமாட்டாள்.

முதுகை அவள் நினைத்ததே இல்லை. மருத்துவமனையில் கட்டு மாற்றிய நர்ஸ், காயம் ஆறிவருவதைக் காட்டுவதற்காகத் தன் போனில் படம் எடுத்து நீட்டினாள். காயத்தை இவள் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்ததைப் பார்த்தாள். பழுப்புப் புள்ளிகள், தொங்கும் மடிப்புகள், கசக்கிப் பிரித்த காகிதம்போலக் கோடுகள். யாரோ ஒரு கிழவியின் படத்தைத் தவறுதலாகக் காட்டுகிறாள் என்றே ஒரு கணம் நினைத்தாள். "அத அழிச்சிடும்மா," என்றாள். நர்ஸ் அழித்தாள். இவளுக்குள் அழியவில்லை.

கல்யாணமான புதிதில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை. மாமியார், மாமனார், இரண்டு கொழுந்தன்கள். உடை மாற்றுவதென்றால் விளக்கை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்து. பிறகு வீடு மாறியது, அறைகள் கூடின, பழக்கம் மட்டும் மாறவில்லை. இத்தனை வருடத்தில் மேஸ்திரி அவள் முதுகை வெளிச்சத்தில் பார்த்ததே கிடையாது. அவர் பார்த்துக்கொண்டிருப்பது முகத்தை. அந்த முகம் போதும். மகள் பார்த்தால் பரவாயில்லை, அவளுக்கு அம்மாவின் முதுகு. இவருக்கு அது வேறு. ஆனால் குளிர் முடியும்வரை இவர் தனியாக என்ன சாப்பிடுவார், யாரிடம் வம்பிழுப்பார் என்று யோசித்தபோது தூக்கம் வரவில்லை. சொந்த வீட்டிலிருந்து ஒரு முதுகைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல இருந்தது. பெட்டியை எடுத்து வைத்தாள். துணி எதையும் அதில் வைக்கவில்லை.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தவள், அப்படியே நின்றாள்.

கருநீலக் கண்ணாடி டப்பா. ஓய்வுபெற்ற நாளில் கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து வாங்கிக்கொடுத்தது. அந்த மேசையில் இருந்ததிலேயே விலை கூடியது. விரல் வைத்தால் கெட்டுவிடும் என்று, கூடவே வந்த சின்ன பிளாஸ்டிக் கரண்டியால் மிளகளவு எடுத்து, விசேஷ நாட்களில் மட்டும் போடுவாள். அந்தக் கரண்டியை முதலில் பார்த்தபோது மேஸ்திரி, தான் சுவர் பூசும் கரணை குட்டி போட்டிருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்போது அதன் மூடி கோணலாக இருந்தது; திறந்தால் நடுவில் கிணறு தோண்டியதுபோல ஒரு பள்ளம். விளிம்பில் நாலைந்து மணல் துகள்கள்.

"இதுல யாரு கைய விட்டது?"

கூடத்தில் செய்தித்தாள் சலசலத்தது. "எதுல?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. ஒருத்தி இங்க நிக்கறேன்."

"எதுத்த வீட்டுப் பூனை அடிக்கடி வருது."

"பூனை மூடியத் திருகித் திறந்து, திருப்பி மூடிட்டுப் போச்சா? மணல் வேற கொட்டிட்டுப் போச்சா?"

மேஸ்திரி எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். கைகள் பின்னால் இருந்தன. இரண்டு நாளாக அவர் கம்பளிக்கு வெளியே கையை நீட்டாமல் தூங்கியது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"காட்டுங்க."

நீட்டினார். இரண்டு உள்ளங்கைகளும் நெய் தடவியதுபோல மினுங்கின.

"பத்து வயசு கொறைக்கும்னு டப்பாவுல போட்டிருந்துச்சு," என்றார். "எங்கைக்குப் பத்து எந்த மூலைக்கு? அதான் கொஞ்சம் கூடவே எடுத்தேன். கையில காலுறைய மாட்டிக்கிட்டுப் படுத்தா நல்லா எறங்கும்னு மருந்துக்கடைப் பொண்ணு சொல்லுச்சு."

திட்டுவதற்காக மூச்சை இழுத்தவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வரப்பார்த்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள். "இப்ப எதுக்கு இந்த அலங்காரம்?"

"நீதான சொன்ன, இந்தக் கை பட்டா தோல் கிழிஞ்சிடும்னு. நாளைக்கு அவ வந்துடுவா. அதுக்குள்ள ரெண்டு கோட்டு போட்டா வழிக்கு வந்துடும்னு பாத்தேன்." முடித்துக் கொடுக்கவேண்டிய ஒரு வேலையைப்பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. எண்ணெயில் ஊறிய உப்புத்தாள். அவள் அந்தக் கையை விடாமல், அதன் வெடிப்புகளில் வெள்ளையாகத் திரண்டு நின்ற கிரீமைக் கட்டைவிரலால் தேய்த்து உள்ளே இறக்கினாள். வாடிக்கையாளர்களின் கைகளை எத்தனை ஆயிரம் முறை பிடித்திருப்பாள். இந்தக் கை அந்த மேசைக்கு வந்ததே இல்லை.

"கையில்லீங்க காரணம்," என்றாள், கையைப் பார்த்தபடி.

அவர் காத்திருந்தார்.

"முகத்த நான் பாத்துக்கிட்டேன். முதுக யாரும் பாத்துக்கல. ஆஸ்பத்திரியில ஃபோட்டோ காட்டினாங்க. என்னுதுன்னே தெரியல எனக்கு. அத நீங்க பாக்கவேணாம்."

ஏதாவது கேலி வரும் என்று எதிர்பார்த்தாள். அதனால் என்ன என்ற ஆறுதலாவது வரும். மேஸ்திரி இரண்டும் சொல்லவில்லை. ஒரு வேலையை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று பார்க்கும் முகத்தோடு கொஞ்சநேரம் நின்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

"இப்ப எனக்கு நீயும் அந்த அலமாரியும் ஒண்ணுதான். திரும்பி உக்காரு."

அவள் கொஞ்சநேரம் அவர் கண்களையே பார்த்தாள். கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள் அவளுக்கு அரையடி தள்ளி எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. ஜன்னலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். துண்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சட்டையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

குழாயைப் பிதுக்கும் சத்தம் கேட்டது. நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு கனத்த குளிர்ச்சி வந்து சப்பென்று ஒட்டியது.

"ஐயோ, எவ்ளோ எடுத்தீங்க? இது செவுரு இல்ல."

"கொறஞ்சா இழுக்கும்."

"எதுவும் இழுக்காது. நடுவுல வெச்சு வெளிப்பக்கமா கொண்டுவாங்க. அழுத்தாதீங்க. மெதுவா." கடையில் பேசிய குரல் தானாக வந்தது. "மேல. இன்னும் மேல. கழுத்துக்கிட்ட விட்டுட்டீங்க."

"மேற்பார்வைக்கு ஆள் இருக்கற வேலைக்கு நான் போறதே இல்ல," என்று முணுமுணுத்தார். ஆனாலும் சொன்னபடி செய்தார். அகலமான கை மெல்ல நகர்ந்தது. இரண்டு இரவு ஊறியும் அதன் சொரசொரப்பு போகவில்லை. அதுதான், நகம் படாமலே, அரிப்பின் வேர்வரை போய்த் தொட்டது. அவள் கண்ணை மூடினாள். கதவு நிலை கொடுக்காத சுகம்.

"அங்கதான். இன்னும் கொஞ்சம்."

கை கீழே இறங்கி, தோள்பட்டைக்கு அடியில் புதிதாகக் கிழிந்திருந்த இடத்தில் பட்டது. அவள் உடம்பு வெடுக்கென்று துள்ளியது. நெருப்பைத் தொட்டவர்போல அவர் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார்.

"கிழிச்சிட்டனா?"

"இல்ல. ஏற்கெனவே இருந்ததுதான்."

"எங்க இருக்குன்னு சொல்லேன். அத விட்டுட்டு சுத்தித் தடவறேன்."

"எனக்கென்ன அங்க கண்ணா இருக்கு?"

திரும்பிப் பார்த்தாள். கிரீம் அப்பிய கைகளை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்களை இடுக்கி, தெரியாத முதுகில் தெரியாத காயத்தைத் தேடிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. முகத்தில் பயம் இருந்தது. மூன்றாம் மாடியில் ஏறி நிற்கும் சாரம் ஆடினாலும் சிரிக்கிறவர்.

"கண்ணாடியப் போட்டுக்கங்க."

"வேணாம். நீ சொல்லு, நான் மெதுவா..."

"போட்டுக்கங்கன்னு சொல்றேன்ல."

அவருடைய கைகள் எதையும் தொடும் நிலையில் இல்லை. அவளே ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி ஜன்னல் திட்டிலிருந்த கண்ணாடியை எடுத்துப் பல்லால் அதன் கால்களைப் பிரித்தாள். அவர் குழந்தைபோலத் தலையைத் தாழ்த்தினார். ஒரு கால் காதில் ஏறாமல் நரைமயிரில் சிக்கிக்கொண்டது, சரிசெய்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்கள் மெல்ல ஓரிடத்துக்கு வந்து நின்றன. முதலில் முகத்தைப் பார்த்தன.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கூடத்தில் போன் அடிக்கத் தொடங்கியது. இந்த நேரத்துக்கு மகள்தான். எந்த ரயில் என்று சொல்லக் கூப்பிடுவாள். இருவரும் அசையவில்லை. வெளியே குளிர்காலத்து வெயில் நேராக அறைக்குள் விழுந்து, எதையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றின்மேலும் படிந்திருந்தது. கழுத்தில் கிடந்த ஈரக்கூந்தலை அவள் முன்பக்கமாக எடுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. கை இன்னும் முதுகில் படவில்லை. அவர் மூச்சு மட்டும், மிக அருகில், பட்டுப் பட்டு விலகிக்கொண்டிருந்தது.