தொண்ணூற்று நான்கு கிராம்

எட்டாம் வகுப்புக்குப் பத்து வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். ஒரே அளவுள்ள மரக்கட்டையையும் இரும்புக்கட்டியையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, எது கனம், ஏன் கனம் என்று கேட்டுக் கேட்டே தொண்டை வற்றியவள். எனக்கே புத்தி இப்படிப் போனால் யாரிடம் போய்ச் சொல்ல?

என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள். இருபத்துமூன்றாம் நாள் இரண்டு கிலோ பத்து கிராம். ஒரு வாரத்தில் நூறு கிராமாவது ஏற வேண்டும், இல்லையென்றால் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று கிராம நர்ஸ் ஷர்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் பிள்ளையைப் புதுக்கோட்டையில்தான் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். இவளை அங்கே கொண்டுபோவதில்லை என்று மனசுக்குள் சத்தியமே செய்திருந்தேன்.

சமையலறைத் தராசில்தான் நிறுப்பேன். முதலில் ஒரு லிட்டர் தண்ணீரை வைத்து ஆயிரம் கிராம் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பிறகு தாம்பாளத்தில் துணி விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து குழந்தையைக் கிடத்துவேன். அவ்வளவு சுத்தம் பார்ப்பவள் நான்.

முப்பதாம் நாள் என் நாத்தனார் பொற்கொடி திருமயத்திலிருந்து வந்து குழந்தைக்குக் காப்பு, கொலுசு, அரைஞாண் எல்லாம் வெள்ளியில் போட்டார். அத்தை போட்டதை ஐந்தாம் மாதம் வரை கழற்றக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மறுநாள் காலை அப்படியே நிறுத்தேன். இரண்டு கிலோ நூற்றுப் பன்னிரண்டு. தராசில் தெரிந்த எண்ணை மட்டும் போட்டோ எடுத்து ஷர்லிக்கும் துபாயில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கும் அனுப்பினேன். அவர் போனிலேயே அழுதுவிட்டார். பொற்கொடி பாயசம் வைத்தார்.

அடுத்த மூன்று நாளும் குழந்தை பாலுக்குக்கூடத் தானாக விழிக்கவில்லை; எழுப்பித்தான் கொடுத்தேன். சமத்துப் பிள்ளை, அழுவதே இல்லை என்று வந்தவர்கள் மெச்சினார்கள். நான்காம் நாள் குளிப்பாட்டும்போது கொலுசு தானாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது. அந்தக் கால் முன்பைவிட மெலிந்திருந்தது.

எல்லா வெள்ளியையும் கழற்றினேன். இத்துனூண்டு வெள்ளி அப்படி என்ன கனக்கப் போகிறது என்றார் பொற்கொடி. மில்லி கோடு போட்ட அளவுக் குவளையில் தண்ணீர் விட்டு, அதில் போட்டேன். தண்ணீர் ஒன்பது மில்லிதான் ஏறியது. துடைத்துத் தராசில் வைத்தேன். தொண்ணூற்று நான்கு கிராம். அந்த வாரம் முழுக்க என் மகள் ஏறியது வெறும் எட்டு கிராம்தான்.

ஆட்டோ பிடித்துப் புதுக்கோட்டைக்கு ஓடினோம். எத்தனை நாளாக எடை ஏறவில்லை, ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். எனக்கு முன்னால் பொற்கொடி பேசினார்.

"எம்மேலதான் தப்பு டாக்டர். நான் போட்ட வெள்ளியோட தெரியாம நிறுத்துட்டாங்க."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஒங்க மேல தப்பில்ல மதினி. நிறுக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கழட்டல. பன்னெண்டு நாளா ஏறல டாக்டர்."

டாக்டர் எழுதிக்கொண்டார். பொற்கொடி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மடியிலிருந்து குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனார்.